கழித்தபின் மிஞ்சியது

இன்றைக்கு விவரம் தெரிந்த சுழியோடிகள் தேடி வாங்கும் கருவியைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதில் பெரிதாக ஒன்றும் இருக்காது. நடுவில் மடிப்புக் கொடுத்து வளைத்த ஓர் உலோகத் தகடு. அதன் துளைகளில் கோத்த, ஐந்து சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரே நீள நைலோன் பட்டி. தகட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஒரு காற்றுப்பை. தகட்டுக்குப் பேக்பிளேட் என்றும் காற்றுப்பைக்கு விங் என்றும் பெயர். மெத்தை இல்லை, ஜிப் இல்லை, பொருள் வைக்கும் பைகள் இல்லை. முப்பது வருடங்களுக்கு முன்னர் இதைக் கடையில் வைத்திருந்தால், வேலை முடியாத சாமான் என்று எல்லோரும் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

ஆனால் இந்தத் தொழில் தொடங்கியதே ஏறக்குறைய இந்த இடத்தில்தான். 1943-இல் ழாக் கூஸ்தோவும் எமில் கன்யானும் அக்வாலங் என்ற மூச்சுக் கருவியை உருவாக்கியபோது சுழியோடியின் முதுகில் இருந்தவை சிலிண்டரும் அதைக் கட்டிய பட்டிகளும் மட்டுமே. மிதப்பைக் கூட்டவோ குறைக்கவோ எந்தக் கருவியும் கிடையாது. எவ்வளவு ஈயம் என்பதைக் கரையிலேயே முடிவுசெய்ய வேண்டும். உள்ளே போன பிறகு, மூச்சை இழுத்தால் சற்று மேலே, விட்டால் சற்றுக் கீழே. 1956-இல் மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் எங்கள் திருகோணமலையில், கோணேசர் மலையின் அடியில் இறங்கியது அந்த மாதிரியான சாமான்களோடுதான். போர்த்துக்கேயர் இடித்த பழைய கோயிலின் கற்களை அவர்கள் கண்டது அங்கேதான். அவர்களுக்கு முன்னால் மன்னார்க் கடலில் முத்துக் குளித்தவர்களுக்கு இறங்குவதற்கு ஒரு கல், ஏறுவதற்கு ஒரு கயிறு, அவ்வளவுதான். கல்லின் எடையைத் தன் உடம்புக்கு ஏற்றபடி பார்த்து எடுக்கத் தெரியாதவர் அந்தத் தொழிலில் நிலைத்திருக்க முடியாது. நான் சொல்லவந்த விஷயம் அந்தக் கல்லின் எடையைப் பற்றியதுதான்.

நான் கற்றது 1990-களின் தொடக்கத்தில், ஹிக்கடுவையில். பிறந்த ஊரின் கடல் அப்போது போருக்குள் இருந்தது. மீன்பிடிக்கப் போவதற்கே கட்டுப்பாடுகள் இருந்த காலத்தில் மீனைப் பார்க்க மட்டும் யார் இறங்குவது? தெற்கே, ஐரோப்பியப் பயணிகளுக்காக நடந்த ஒரு சுழியோடல் நிலையத்தில் சிலிண்டர் நிரப்பும் வேலை கிடைத்தது. அந்த வேலை வழியாகத்தான் தண்ணீருக்குள் போனேன். கம்ப்ரசர் அறைச் சுவரில் இரண்டு தலைமுறைச் சாமான்கள் அடுத்தடுத்துத் தொங்கின. ஒன்று, கழுத்தில் மாட்டி நெஞ்சில் தொங்கவிடும் ஃபென்ஸி என்ற காற்றுப்பை. 1960-களின் தொடக்கத்தில் பிரான்சில் வந்தது. ஊதுவதற்குத் தனக்கென ஒரு சிறு காற்றுப் புட்டியையும் அடியில் சுமந்திருக்கும். மற்றது ஜாக்கெட். 1970-களின் கடைசியில் ஸ்கூபாப்ரோ கொண்டுவந்த ஸ்டாப் ஜாக்கெட்டின் வாரிசுகள் அவை. விலாவைச் சுற்றியும் தோளுக்கு மேலும் முதுகிலும் காற்று நிறையும். ஃபென்ஸியைச் சுவரிலிருந்து எவரும் எடுப்பதில்லை. பயணிகள் எல்லோருக்கும் ஜாக்கெட்தான்.

ஜாக்கெட்டை நான் பழிக்கமாட்டேன். இன்றைக்கும் முதல் நாள் தண்ணீரில் இறங்கும் ஒருவருக்கு அதையே கொடுப்பேன். மேலே வந்ததும் ஒரு பொத்தானை அழுத்தினால் தலையை நிமிர்த்தி நெஞ்சுவரை வெளியே தூக்கி நிறுத்தும். பயந்துபோனவருக்கு அது பெரிய ஆறுதல். இரண்டு கிளிப்பைக் கழற்றினால் உடம்பிலிருந்து வந்துவிடும். சின்னவர், பெரியவர், மெலிந்தவர், பருத்தவர் என்று ஒரே நாளில் பலருக்கும் மாட்டிக் கழற்றலாம். வாடகைக்கு விடுபவர்களுக்கு வேறு வழியும் இல்லை.

அது செய்த தீங்கு வேறு. எடையைப் பற்றி யோசிக்காமலே ஒருவர் சுழியோடப் பழகிக்கொள்ள அது இடம் கொடுத்தது. அந்தக் காலத்தில் படகில் தினமும் கேட்ட பேச்சு இது: "கொஞ்சம் கூடப் போடு. கீழே போனதும் காற்றடித்துச் சரிப்படுத்தலாம்." எட்டுக் கிலோ ஈயம், சிலருக்குப் பத்துக் கிலோ. இருபத்தெட்டு பாகை வெதுவெதுப்பான தண்ணீரில், மெல்லிய உடுப்பில். ஆள் கல்லாக இறங்குவார், வழிகாட்டியின் வேலை சீக்கிரம் முடியும். கீழே போனதும் அந்த ஈயம் முழுவதையும் தாங்குகிற அளவுக்கு ஜாக்கெட்டில் காற்றடிப்பார். ஈயம் இடுப்பில், காற்று நெஞ்சைச் சுற்றி. இடுப்பு கீழே இழுக்க, நெஞ்சு மேலே தூக்க, உடம்பு தண்ணீரில் சரிந்து நிற்கும். அந்த நிலையில் காலை உதைத்தால் முன்னே போவதோடு மேலேயும் ஏறுவார். ஏறாமல் இருக்க ஜாக்கெட்டிலிருந்து காற்றை விடுவார். உதைப்பதை நிறுத்தினால் விழுவார். விழாமல் இருக்க மறுபடி உதைப்பார். துடுப்புகள் இரண்டும் பவளத்தில் அடிக்கும். ஒருமணி நேரம் வரவேண்டிய காற்று அரைமணியில் தீரும். ஹிக்கடுவைப் பவளப் பாறைகளுக்கு வந்த கேடுகள் பல. அவற்றில் இதுவும் ஒன்று, நான் கிட்ட இருந்து பார்த்தது.

அமெரிக்காவில் அதற்கு முன்பிருந்தே இன்னொரு கதை நடந்துகொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. வட ஃபுளோரிடாவில் நன்னீர் ஊற்றுகளுக்கு அடியில் நீர் நிறைந்த சுண்ணாம்புக் குகைகள் பல கிலோமீட்டர் நீளத்துக்குப் போகின்றன. அங்கே தரையில் பொடி மண். ஒருமுறை துடுப்பு பட்டால் கண் தெரியாமல் போகும். மேலே ஏறித் தப்பவும் முடியாது, தலைக்கு மேல் பாறை. ஆகவே அந்தக் குகைச் சுழியோடிகளுக்கு உடம்பு தட்டையாக, அசையாமல் நிற்பது உயிர்ப் பிரச்சினை. 1970-களின் கடைசியில் கிரெக் ஃப்ளானகன் என்பவர் செய்த தகட்டை வில்லியம் ஹோகார்த் மெயின் எடுத்துக்கொண்டு, தேவையில்லாத ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வந்தார். ஒரே பட்டி. இரண்டு தோளிலும் ஒவ்வொரு வளையம், இடது இடுப்பில் ஒன்று, தொடையிடைப் பட்டியில் முன்னும் பின்னுமாக இரண்டு. மொத்தம் ஐந்து டி-ரிங். அந்த ஒழுங்குக்கே ஹோகார்த்தியன் என்று அவருடைய நடுப்பெயர் நிலைத்துவிட்டது. குகையில் பிழைத்த அந்த ஏற்பாடுதான் பிறகு மெல்ல மெல்லத் திறந்த கடலுக்கு, விடுமுறைக்காரர்களின் முதுகுக்கு வந்தது.

போர் முடிந்து, 2009-க்குப் பிறகு ஊருக்குத் திரும்பினேன். நிலாவெளியில் பயணிகள் வரத் தொடங்கியிருந்தார்கள். வந்தவர்களில் ஒரு ஜெர்மன்காரர் போகும்போது தன் பழைய அலுமினியத் தகட்டையும் ஒரு சிறிய விங்கையும் எனக்கு விட்டுச் சென்றார். பெட்டியில் இடமில்லை என்று காரணம் சொன்னார். அதை மாட்டி புறாமலைக்குப் பக்கத்தில் முதல் முறை இறங்கியபோது எனக்குப் புரிந்தது, இத்தனை வருடம் நான் கால்களால் செய்துகொண்டிருந்த வேலையில் பாதி தேவையற்றது என்பது. தகடு முதுகெலும்போடு ஒட்டிக் கிடக்கும். எடை நுரையீரலுக்கு நேர் மேலே பரவியிருக்கும். உடம்பில் மிதப்புக் கூடிய இடம் நுரையீரல்தான். தூக்குகிற இடத்திலேயே எடையும் இருந்தால் இடுப்பைத் தனியாக எதுவும் கீழே இழுக்காது. கால் தானாகவே உயரும். காற்றும் முதுகுப்பக்கமே நிற்பதால் விலாவை எதுவும் நெருக்காது. மூச்சு முழுமையாக வரும்.

இப்போது நிலைமை தலைகீழ். இளையவர்கள் வரும்போதே தகட்டோடு வருகிறார்கள். பளபளக்கும் துருப்பிடிக்காத உருக்குத் தகடு, அதில் சிலிண்டரைப் பொருத்த இன்னோர் உருக்குத் துண்டு, பின்னால் பெரிய விங். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. எனக்குக் கவலை தருவது, அந்தத் தெரிவுகள் எல்லாம் வேறு தண்ணீருக்காகச் செய்யப்பட்டவை என்பது. குளிர்கடல்காரர்களுக்கும் குகைக்காரர்களுக்கும் சரியான அறிவுரையை, தடித்த உடுப்பே போடாத எங்கள் பிள்ளைகள் அப்படியே வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். ஜாக்கெட் காலத்து ஈயம் இடுப்பிலிருந்து முதுகுக்கு இடம் மாறியிருக்கிறது. அளவு குறையவில்லை.

அண்ணாவின் மகள் ரொறன்ரோவில் வளர்ந்தவள். அங்கே ஹியூரன் ஏரிக்கரையில் ரொபர்மொரி என்றோர் ஊர் உண்டு. பழைய பாய்மரக் கப்பல்கள் மூழ்கிக் கிடக்கும் இடம், 1987 முதல் தேசியக் கடல்சார் பூங்கா. கோடையிலும் அடித்தண்ணீர் சில இடங்களில் ஐந்தாறு பாகைதான். தண்ணீர் புகாத ட்ரைசூட், அதற்குள் தடித்த கம்பளி உடுப்பு, முதுகில் உருக்குச் சிலிண்டர் என்று அங்கே பழகியவள், போன ஆடியில் அதே சாமான்களில் ட்ரைசூட்டையும் சிலிண்டரையும் மட்டும் விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். விமான நிலையத்தில் பெட்டி எடை கூடி, அதற்குப் பணமும் கட்டியிருந்தாள்.

விறாந்தையில் எல்லாவற்றையும் பரப்பினோம்.

"சித்தப்பா, இதையெல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கினது. இஞ்சை சரிவராதோ?"

"சாமான் நல்ல சாமான், பிள்ளை. கணக்கு வேறை. ஒரு கொப்பி எடுத்துக்கொண்டு வா."

கணக்கு ஒரு கேள்வியில் தொடங்கும்: சுழியோட்டத்தின் கடைசியில், சிலிண்டரில் ஐம்பது பார் அழுத்தம் மிச்சம் இருக்கையில், ஐந்து மீட்டர் ஆழத்தில், விங்கில் காற்றே இல்லாமல் ஒருவர் ஏறாமல் இறங்காமல் நிற்க எவ்வளவு எடை வேண்டும்? அந்த எடைக்கு மேல் ஒரு கிலோகூடத் தேவையில்லை. அதற்குக் குறைந்தால் கடைசியில் நிற்க முடியாது, மேலே இழுத்துவிடும்.

எங்கள் படகுகளில் கிடைப்பது பெரும்பாலும் 11.1 லிட்டர் அலுமினிய சிலிண்டர். 207 பார் நிரப்பினால் உள்ளே ஏறக்குறைய 2,200 லிட்டர் காற்று. காற்றுக்கும் எடை உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு லிட்டருக்கு 1.2 கிராம் என்று வைத்தாலே இரண்டரைக் கிலோவுக்கு மேல் வரும். ஆகவே நிரம்பியிருக்கும்போது சற்று மூழ்கும் இந்தச் சிலிண்டர், காலியானதும் ஏறக்குறைய 1.8 கிலோ மிதக்கும். ஐம்பது பார் மிச்சம் இருந்தால் 1.2 கிலோவை ஒட்டிய மிதப்பு. மூன்று மில்லிமீட்டர் வெட்சூட் உடுப்பு அவளுடைய அளவுக்கு இரண்டு கிலோவை ஒட்டி மிதக்கும். மூச்சு இழுக்கும் ரெகுலேட்டர் ஒரு கிலோ கீழே இழுக்கும். இனி அவளுடைய உருக்குத் தகடு. வெளியில் 2.7 கிலோ, கடல்நீரில் 2.3. சிலிண்டரைப் பொருத்தும் உருக்குத் துண்டு இன்னொரு கிலோ, நீரில் 0.9 கிலோவை ஒட்டி. அவள் மெலிந்த உடம்பு, பாதி மூச்சில் ஏறவும் மாட்டாள், இறங்கவும் மாட்டாள்.

மிதப்பு 3.2, இழுப்பு 4.2. ஈயம் ஒன்றுகூடக் கட்டாமலே ஒரு கிலோ அதிகம். அங்கே பன்னிரண்டு கிலோவுக்கு மேல் வேண்டியிருந்தவளுக்கு அதை நம்பக் கஷ்டமாக இருந்தது. அதுவும் ரொபர்மொரி நன்னீர். கடல்நீர் இரண்டரை வீதம் அடர்த்தி கூடியது. ஆளும் சாமானுமாக நூறு கிலோ என்றால், அதே ஏற்பாட்டுக்குக் கடலில் இன்னும் இரண்டரைக் கிலோ கூட்டவேண்டி வரும். அப்படிக் கூட்டவேண்டிய கடலிலேயே இவளுக்குக் குறைக்கவேண்டி வந்தது என்றால், ட்ரைசூட்டும் உள்ளுடுப்பும் எவ்வளவு காற்றைப் பிடித்து வைத்திருந்தன என்று கணக்குப் பார்க்கலாம்.

முதலில் அந்த உருக்குத் துண்டைக் கழற்றினோம். அவளுடைய விங்கிலேயே, சிலிண்டரை இறுக்கிப் பிடிக்கும் காம் பேண்ட் நுழைக்கும் வாய்கள் இருந்தன. இரண்டு பேண்டுகளையும் நேராகத் தகட்டின் வழியே கோத்தால் போதும், சிலிண்டர் முதுகுக்கு இன்னும் நெருங்கி வரும். பேண்டை நனைத்த பிறகே இறுக்க வேண்டும் என்பதை மட்டும் திருப்பித் திருப்பிச் சொன்னேன். காய்ந்த நைலோன் தண்ணீரில் நீளும். படகில் அசையாமல் இருந்த சிலிண்டர் பத்து மீட்டரில் நழுவத் தொடங்கும்.

துண்டு போனால் அவளுடைய உருக்குத் தகடு ஏறத்தாழச் சரியாகவே இருந்தது. ஈயமே வேண்டாம். பலர் இதைத்தான் சிறந்த ஏற்பாடு என்பார்கள், இடுப்பு வெறுமையாக, எல்லா எடையும் முதுகில். இதில் எனக்கு வேறு கருத்து. மெல்லிய உடுப்போடு இறங்குபவருக்கு விங் கிழிந்தால் வேறு மிதவை இல்லை. ட்ரைசூட்காரருக்கு உடுப்பே இரண்டாவது மிதவை. இவருக்கு அது கிடையாது. மேலே வந்து சேர்ந்தபின், படகு வரும்வரை மிதக்க, கழற்றி எறியக்கூடிய எடை கொஞ்சமாவது இருக்க வேண்டும். உருக்குத் தகட்டை எறிய முடியாது. ஆகவே அவளுக்கு என் அலுமினியத் தகட்டைக் கொடுத்தேன். வெளியில் 0.9 கிலோ, தண்ணீரில் அரைக் கிலோவைச் சற்றுத் தாண்டும். மீதிக்கு, இடுப்புப் பெல்ட்டில் ஒரு கிலோ ஈயக்கட்டிகள் இரண்டு. எறிவதென்றால் மேலே வந்த பிறகு. ஆழத்தில் எறிந்தால், ஏற ஏற வெட்சூட் விரிந்து, வேகத்தைப் பிடிக்க முடியாமல் போகும்.

எங்காவது உருக்குச் சிலிண்டர் தந்தார்களானால் இந்தத் தகடு இன்னும் பொருத்தம். பெரும்பாலான உருக்குச் சிலிண்டர்கள் காலியானாலும் அலுமினியத்தைப் போல மிதப்பதில்லை. அதோடு உருக்குத் தகட்டையும் சேர்த்து, மெல்லிய உடுப்பில் இறங்குவது நான் யாருக்கும் சொல்லாத ஏற்பாடு. தகட்டைத் தெரிவுசெய்யும்போது கடைக்காரரிடம் கேட்பதற்கு முன், நீங்கள் இறங்கப்போகும் கரையில் என்ன சிலிண்டர் நிரப்புகிறார்கள் என்று கேளுங்கள். பயணத்துக்கும் அலுமினியமே நல்லது. ஈயம் எல்லாக் கரையிலும் கிடைக்கும், அதை விமானத்தில் சுமக்க வேண்டியதில்லை.

விங்கைப் பற்றித்தான் நீண்ட நேரம் பேசினோம். அவளுடையது பதினெட்டுக் கிலோ தூக்கும். பெரிது பாதுகாப்பு என்று எண்ணத் தோன்றும், இயல்புதான். ஆனால் விங்குக்கு இரண்டே வேலை. முதலாவது, சுழியோட்டம் தொடங்கும்போது சிலிண்டரில் இருக்கும் அந்த இரண்டரைக் கிலோ காற்றின் எடையையும், ஆழத்தில் வெட்சூட் நசுங்கி இழக்கும் மிதப்பையும் ஈடுசெய்வது. பத்து மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு, முப்பதில் நான்கு மடங்கு. வெட்சூட்டில் அடைபட்ட குமிழிகள் அதற்கேற்பச் சுருங்கும். இரண்டு கிலோ மிதந்த உடுப்பு முப்பது மீட்டரில் ஒன்றரைக் கிலோவை இழந்தது என்றே வைத்துக்கொண்டாலும், இரண்டும் சேர்ந்து நான்கு கிலோவைச் சற்றே தாண்டும். இரண்டாவது வேலை, ஆளில்லாமல் சாமானை மட்டும் தண்ணீரில் போட்டால் அதை மிதக்கவைப்பது. நிரம்பிய சிலிண்டர், ரெகுலேட்டர், உருக்குத் தகடு மூன்றும் சேர்ந்தாலும் ஐந்து கிலோவுக்குள் அடங்கும். ஆகவே எட்டிலிருந்து பதினொரு கிலோ தூக்கும் விங் எங்கள் கடலுக்குத் தாராளம், கமெராவும் விளக்கும் கொண்டுபோனாலும்கூட.

பெரிய விங்கால் என்ன குற்றம்? அப்பாவின் சட்டையைப் போட்ட பிள்ளையின் உடம்பில் துணி தொங்குவதைப் போல, நிரம்பாத விங்கின் ஓரங்கள் சிலிண்டரைச் சுற்றி மேலே மடிந்து நிற்கும். அந்த மடிப்பில் காற்றுப் போய் ஒதுங்கும். வெளியேற்றக் கயிற்றை இழுத்தால் உடனே வராது. மேலே ஏறும்போது அந்தக் காற்றே விரிந்து ஆளை இழுத்துக்கொண்டு போகும். பதினெட்டுக் கிலோ தூக்கும் விங்கில் காற்றடிக்கும் இன்ஃப்ளேட்டர் பொத்தான் அகப்பட்டுக்கொண்டால் ஏறும் வேகத்தையும் எண்ணிப் பாருங்கள். வடிவத்தில், முழு வட்டமாக வரும் டோநட் விங்கை நான் விரும்புவேன். காற்று இரண்டு பக்கமும் சுற்றிவரும், எந்தப் பக்கம் சாய்ந்தாலும் இடது கீழ் மூலை வால்வுக்கு வந்துவிடும். அடிப்பக்கம் மூடாத குதிரை லாட வடிவத்தில் வலப்பக்கம் தங்கிய காற்றை எடுக்க உடம்பைத் திருப்ப வேண்டும். பழகியவர்களுக்கு அதுவும் தடையில்லை. இரட்டைச் சிலிண்டருக்காகச் செய்த அகன்ற விங்கை ஒற்றைச் சிலிண்டருக்குப் போடுவதை மட்டும் தவிர்த்தால் போதும்.

விங் ஆளை மேலே முகங்குப்புறத் தள்ளும் என்ற பயம் அவளுக்கும் இருந்தது, ஜாக்கெட்டிலிருந்து மாறும் எல்லோருக்கும் உண்டு. காற்றை முழுவதும் நிரப்பி, ஈயத்தையும் முன்வயிற்றில் கட்டினால் தள்ளத்தான் செய்யும். தலை வெளியே நிற்கும் அளவுக்கு மட்டும் நிரப்பி, சற்றுப் பின்னால் சாய்ந்தால் சாய்வு நாற்காலியில் இருப்பதைவிடச் சுகம். ஈயக்கட்டிகளை இடுப்பின் பின்பக்கமாக நகர்த்திவிட்டோம்.

பட்டி கட்டுவதற்குத்தான் ஒரு மாலைப்பொழுது முழுவதும் போனது. இதில் அவசரப்படக் கூடாது. தகட்டின் மேல் விளிம்பு கழுத்தடியில் வரவேண்டும். கையைப் பின்னால் வளைத்தால் விரல் நுனி விளிம்பில் படவேண்டும். அதைவிடக் கீழே தொங்கினால் சிலிண்டரின் வால்வு எட்டாது. தோள்பட்டிக்கு அடியில் உள்ளங்கை தாராளமாக நுழையவேண்டும். புதியவர்கள் இறுக்கிக் கட்டிவிட்டு, கழற்றும்போது கை வராமல் படகுக்காரரைக் கூப்பிடுவார்கள். தோள் தளர்வாகவே இருக்கட்டும், பிடிப்பது இடுப்பும் தொடையிடைப் பட்டியும்தான். அந்தப் பட்டியை வேண்டாம் என்று அறுத்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மேலே வந்து விங்கில் காற்று நிரம்பியதும் தகடு முழுவதும் காதுவரை ஏறி நிற்கும். இடுப்புக் கொளுவியை நடுவிலிருந்து சற்று வலப்பக்கம் தள்ளி வைக்க வேண்டும், தொடையிடைப் பட்டியின் கண்ணி அதோடு சிக்காமல் இருக்க. தோள் வளையங்களை அவளே வைத்துப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தேடி, மூன்று முறை இடம் மாற்றினாள். அந்தப் பொறுமை எனக்குப் பிடித்தது. எல்லாம் சரியென்று ஆனபின் மீதிப் பட்டியை வெட்டி, நுனியைத் தீக்குச்சியில் உருக்கி அடைத்தோம்.

ஒரே பட்டி என்பதில் எனக்கு இருக்கும் பெரிய நம்பிக்கை, உடைவதற்கு அதில் ஒன்றுமில்லை என்பது. ஜாக்கெட்டின் தோள் கிளிப்புகள் பிளாஸ்டிக். படகின் விளிம்பில் சிலிண்டரோடு சாய்ந்து விழும்போது அவை உடைவதை ஹிக்கடுவையில் பலமுறை கண்டிருக்கிறேன். கழற்றுவதற்குக் கடினம் என்ற குறை உண்மைதான், மயங்கிய ஒருவரை மேலே தூக்கும்போது முக்கியமாக. அதற்குத்தான் இடுப்புப் பட்டியில் சிறு கத்தி. தோள்பட்டியை அறுத்துவிட வேண்டும், அரை நிமிட வேலை. கூடவரும் துணைக்கும் படகுக்காரருக்கும் இதை முன்பே சொல்லிவைக்காமல் இந்தச் சாமானோடு யாரும் இறங்கக் கூடாது. இது என் பிடிவாதம்.

அடுத்த நாள் காலை கோணேசர் மலைக்குப் போனோம். சுவாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் எங்கள் படகுகள் அந்தப் பக்கம் திரும்பும். இறங்கியதும் அவள் வழக்கம்போல இன்ஃப்ளேட்டரைத் தேடினாள். தேவைப்படவில்லை என்று தெரிந்ததும் கையை எடுத்துவிட்டாள். இருபது மீட்டரில் ஒரு சிறிய ஊது, அவ்வளவுதான். அரக்கு மீன்கள் கூட்டமாக நின்ற பாறைக்கு முன்னால் கைகளை மடக்கிக்கொண்டு, துடுப்பு அசையாமல், தட்டையாக மிதந்தாள். அவளுடைய வயதில் ஹிக்கடுவையில் நான் பார்த்த எவரும், என் ஆசிரியர்கள் உட்பட, அப்படி நின்றதில்லை. அவர்கள் குறைந்தவர்கள் அல்லர். எடை கூடிப்போன உடம்பு எவ்வளவு திறமையையும் விழுங்கிவிடும். 1956-இல் வெறும் பட்டியோடு இதே இடத்தில் இறங்கியவர்களுக்கு எடைக் கணக்குத் தெரிந்திருந்தது, தெரியாமல் அவர்கள் இறங்கியிருக்க முடியாது. இடையில் வந்த தலைமுறைக்கு அது தேவையில்லை என்று சாமான்கள் சொல்லிக்கொடுத்தன.

ஊருக்குத் திரும்பும் முன் அவள் தன் உருக்குத் தகட்டை மீண்டும் பூட்டி, அந்த உருக்குத் துண்டையும் எடுத்து வைத்துக்கொண்டாள். சரிதான், அங்கே அவை வேண்டும். பெரிய விங்கும் அங்கே அவளுக்குப் பொருத்தம். கொப்பியை மட்டும் மறக்காமல் பையில் போட்டாள்.

"அங்கை போய்த் திரும்பவும் முதலிலை இருந்து போடவேணும், என்ன சித்தப்பா? உடுப்பு, சிலிண்டர், நன்னீர் எல்லாம்."

"ஓம். போட்டுவிட்டுத் தண்ணிக்குள்ளை பார். நிரப்பின சிலிண்டரோடை பாராதை, கடைசியிலை, ஐம்பது பாரிலை பார். உள்ளுடுப்பை மாத்தினால் திரும்பவும் பார்."